ஆனை விலை, குதிரை விலை, இன்ஜின் விலை

இங்கிலாந்தின் பழைய மாடல் ரயில்கள் ஈபேயில் படும் பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் ஏமாந்தவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். இந்த முறை பகுதி முழுக்க அதற்கே.

கே: 'மிக மிக அரிது' என்று தலைப்புப் போட்டு ஒரு குட்டி ஹார்ன்பி இன்ஜினுக்கு 150 பவுண்டு கேட்கிறார்கள். பக்கவாட்டில் 'ஸ்மோக்கி ஜோ' என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

ப: வேண்டாம். ஸ்மோக்கி ஜோ 1983இல் ஹார்ன்பி கேட்டலாக்கில் ஏறியது. நாலே சக்கரம், கறுப்பு நிறம், 56025 என்ற எண். சிறுவர்களின் முதல் இன்ஜின் என்று பல பத்தாண்டுகள் விற்றுத் தீர்த்தார்கள். எந்தப் பொம்மை ரயில் சந்தைக்குப் போனாலும் ஒரு மேஜையிலாவது அது நிற்கும். எனக்குப் பிரியமான இன்ஜின் அது. முரட்டுப் பிள்ளைகளின் கையிலும் பிழைத்து ஓடும். ஓடுகிற நிலையில் முப்பது பவுண்டுக்குள் கிடைக்கிற பொருளுக்கு ஐந்து மடங்கு கேட்பது வியாபாரம் அல்ல, பறிப்பு.

கே: 'அரிது' என்பது உண்மையா பொய்யா என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி?

ப: அதே இன்ஜின் அதே நாளில் எத்தனை விற்பனைக்கு நிற்கிறது என்று எண்ணுங்கள். பதினைந்து நின்றால் பொருள் அரிதல்ல. அந்த விலைக்கு வாங்குகிறவர்தான் அரிது.

கே: 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' உலகப் புகழ் பெற்ற இன்ஜின் ஆயிற்றே, அதன் மாடலுக்கு மதிப்பு அதிகம்தானே?

ப: நேர்மாறு. புகழ் அதிகமானால் தயாரிப்பும் அதிகம். ட்ரையாங் ஹார்ன்பி (ஹார்ன்பியின் அன்றைய பெயர்) 1968இல் அதை டபுள்-ஓ (1:76) அளவில் கொண்டுவந்தது. அன்று தொடங்கி, மாற்றி மாற்றி, ஹார்ன்பி அதைச் செய்துகொண்டே இருக்கிறது. தாத்தாவும் பேரனும் ஒரே பெயர் கொண்ட இன்ஜினை வைத்திருக்கிற வீடுகள் அங்கே உண்டு. யாருக்கும் பெயர் தெரியாத, கடையில் விற்காமல் கிடந்த ஒரு சரக்கு வண்டிதான் பின்னாளில் விலை ஏறும்.

கே: சரி, நியாய விலை என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே பொருளுக்கு 20 பவுண்டும் போட்டிருக்கிறார்கள், 220 பவுண்டும் போட்டிருக்கிறார்கள்.

ப: இந்த இதழிலேயே முக்கியமான கேள்வி இதுதான். கேட்ட விலை வேறு, போன விலை வேறு. ஊர்ச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவருக்கு இது தெரியும். கணினித் திரை முன்னால் உட்கார்ந்தால் மட்டும் மறந்துவிடுகிறோம். விற்பனைப் பக்கத்தில் தெரிகிற விலையெல்லாம் விற்பவரின் ஆசை. ஈபேயிலேயே 'விற்றவை மட்டும் காட்டு' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தட்டுங்கள். யாரோ ஒருவர் உண்மையாகவே பணம் கொடுத்து எடுத்துப்போன விலைகள் அங்கேதான் வரிசையாக வரும். அந்த 220 அங்கே இருக்காது. 20, 24, 18 என்றுதான் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். விற்ற விலையின் மேல் கோடு கிழித்திருந்தால் அது பேரம் பேசி முடிந்த விற்பனை. கோடு கிழித்த தொகை கேட்ட விலை. கைமாறிய தொகை அதற்குக் கீழே. கோடு கிழித்த தொகையையே 'இவ்வளவுக்குப் போனது' என்று ஆதாரமாகக் காட்டுகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு விற்பனைகளைப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: யாரும் வாங்காத விலையில் மாதக்கணக்காக ஏன் வைத்திருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன லாபம்?

ப: வைத்திருக்கப் பெரிதாக நட்டமும் இல்லை, அதுதான் காரணம். நிலையான விலைக்குப் போடும் அறிவிப்பு, விற்பவர் எடுக்கிறவரை மாதா மாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கடை வாடகை இல்லை, விளக்கு எரிக்க வேண்டாம். என்றாவது ஒருநாள் விவரம் தெரியாத ஒருவர் வந்து விழுவார் என்ற காத்திருப்பு.

அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. பரணிலிருந்து அதே இன்ஜினை எடுத்த இன்னொருவர் விலை தெரிந்துகொள்ள ஈபேயைத் திறக்கிறார். விற்காமல் நிற்கிற 220தான் அவர் கண்ணில் படுகிறது. தானும் 200 போடுகிறார். மூன்றாமவர் இருவரையும் பார்த்து 210 போடுகிறார். ஒன்றுகூட விற்கவில்லை, ஆனால் மூன்று சாட்சி சேர்ந்துவிட்டது. வதந்தி பரவுகிற வழியும் இதேதான். இந்த மூவரில் இரண்டு பேர் கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கே: அப்படியானால் அரிதே கிடையாதா?

ப: உண்டு, தாராளமாக உண்டு. உண்மையான அரிதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். ஹார்ன்பி டப்லோ வரிசை 1938இல் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது. மின்சாரத்தில் ஓடுவது ஒன்று, சாவி கொடுத்தால் ஓடுவது ஒன்று. அடுத்த வருடமே போர் தொடங்கியது. தொழிற்சாலை போர்த் தளவாடத்துக்குத் திரும்பியது. போர் முடிந்தபின் மின்சார ரகம் மட்டும் திரும்பி வந்தது. சாவி ரகம் வரவில்லை. ஆக, சாவி கொடுக்கும் டப்லோ இன்ஜின் மிகக் குறுகிய காலத்துச் சரக்கு. பிழைத்து நிற்பவையும் குறைவு. இது அரிது.

அமெரிக்காவில் லயனல் நிறுவனம் 1957இல் பெண் குழந்தைகளுக்கென்று ஒரு ரயில் செய்தது. இளஞ்சிவப்பு இன்ஜின், மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக வெளிறிய வண்ணங்களில் பெட்டிகள். கடைகளில் போணி ஆகவில்லை. ரயில் பிடித்த பெண் பிள்ளைகளுக்கும் உண்மை ரயில் போலக் கறுப்பாக இருப்பதுதான் வேண்டியிருந்தது. விற்காததால் குறைந்தது, குறைந்ததால் இன்று சேகரிப்பாளர்கள் துரத்துகிறார்கள். துரத்துவதால் போலிகளும் வந்துவிட்டன, சாதாரணக் கறுப்பு இன்ஜினுக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்து. ஆகவே விற்பவரிடம் 'அரிதா?' என்று கேட்காதீர்கள், 'ஏன் அரிது?' என்று கேளுங்கள். காரணம் தெரிந்தவர் ஒரு பத்தி எழுதுவார். தெரியாதவர் மறுபடியும் 'மிக அரிது' என்றே எழுதுவார்.

கே: 'ஓட்டிப் பார்க்கவில்லை, எங்களிடம் தண்டவாளம் இல்லை' என்று போடுகிறார்களே, நம்பலாமா?

ப: தண்டவாளமே வேண்டாம். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டு ஒயர் போதும். சாதாரண இரண்டு தண்டவாள இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு ஒயரை இடப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை வலப்பக்கச் சக்கரத்திலும் தொட்டால், மோட்டார் நன்றாக இருந்தால் சக்கரம் சுழலும். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரத்தைத் தொடக் கூடாது, அதில் மின்சாரம் போகாது. பழைய ஹார்ன்பி சிலவற்றில் மோட்டார் பின்னால் கரி வண்டியில் இருக்கும். அப்போது ஒரு ஒயர் இன்ஜினில், மற்றொன்று கரி வண்டியின் எதிர்ப்பக்கச் சக்கரத்தில். ஒரு நிமிட வேலை.

ஒன்றிரண்டு இன்ஜின் விற்கிற வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். எழுதிச் சொன்னால் பெரும்பாலோர் செய்து பார்த்துப் பதில் போடுகிறார்கள். நூற்றுக்கணக்கில் ரயில் விற்கிறவர் எல்லாவற்றுக்கும் 'ஓட்டிப் பார்க்கவில்லை' என்றால், ஓட்டிப் பார்த்துவிட்டார் என்றே கொள்ளுங்கள்.

நான் ஒருமுறை அந்த வார்த்தையை நம்பி 25 பவுண்டுக்கு ஒரு டீசல் இன்ஜின் வாங்கினேன். வந்ததைக் கையில் எடுத்ததுமே எடை குறைவாகத் தெரிந்தது. மேல் ஓட்டைக் கழற்றினால் உள்ளே மோட்டாரே இல்லை. 'அதனால்தான் ஓட்டிப் பார்க்கவில்லை என்று போட்டேன்' என்று பதில் வந்தது. விவரத்துக்கு மாறான பொருள் என்று ஈபேயில் புகார் கொடுத்தேன், பணம் திரும்பியது. பொருள் கையில் கிடைத்து 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

கே: தூசியும் அழுக்கும் படிந்த இன்ஜினை 'தொழில்முறையில் பழமையூட்டப்பட்டது' என்கிறார்களே?

ப: பழமையூட்டுவது ஒரு கலை. கரிப்புகை எங்கே படியும், துரு எங்கிருந்து வழியும், தண்ணீர்த் தொட்டி மூடிக்குக் கீழே சுண்ணாம்புக் கோடு எப்படி இறங்கும் என்று உண்மை இன்ஜினின் படத்தைப் பார்த்து மெல்லிய தூரிகையில் செய்வார்கள். அப்படிச் செய்தவருக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். பரணில் கிடந்த தூசிக்கு விலை கிடையாது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அழுக்கு ஓடுகிற சக்கரங்களில் இருந்தால் கலை, கூரை மேல் மட்டும் சமமாகப் படிந்திருந்தால் தூசி.

கே: உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் அட்டைப்பெட்டிக்கு 40 பவுண்டு! ரயில் பெட்டியே பத்துப் பவுண்டுக்குக் கிடைக்கும்போது அட்டைப்பெட்டிக்கு இந்த விலையா?

ப: சிரிக்காதீர்கள், சில பெட்டிகளுக்கு அது தகும். பாசில்டனில் இருந்த ரென் நிறுவனம், டப்லோவைச் செய்துவந்த மெக்கானோ 1964இல் லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியபின், பழைய டப்லோ அச்சுகளை எடுத்துக்கொண்டு இன்ஜின் செய்தது. 1992 வரை செய்தார்கள். சில வண்ணங்களை மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் வெளியிட்டார்கள். அட்டையில் ஒட்டிய எண்ணும் உள்ளே இருக்கும் இன்ஜினும் பொருந்தினால் சேகரிப்பாளர் கொடுக்கும் விலையே வேறு. அதனால் அட்டைக்குத் தனிச் சந்தை.

ஆபத்தும் அங்கேதான். சாதாரண ரென் இன்ஜினுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, அரிதான எண்ணுள்ள அட்டையில் வைத்தால் நூறு பவுண்டுப் பொருள் பல நூறு ஆகிவிடும். மறுபதிப்பு அட்டைகளும் விற்கின்றன. 'மறுபதிப்பு' என்று எழுதி விற்பவர் நேர்மையானவர், அவரிடமிருந்து வாங்கி அந்த வார்த்தையை மறைத்து விற்கிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். அட்டையின் உள்பக்கப் படம் கேளுங்கள். முப்பது நாற்பது வருடம் ஒரு இன்ஜின் உள்ளே கிடந்திருந்தால் எண்ணெய்க் கறையும் சக்கரத் தழும்பும் இருக்கும்.

கே: ஒற்றைச் சரக்கு வண்டி ஒரு பவுண்டு என்று போட்டிருந்தது. தபால் செலவு 12 பவுண்டு.

ப: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விலை வரிசைப்படி தேடும்போது மேலே வருவதற்காகச் செய்கிற வேலை. எப்போதும் 'தபாலோடு சேர்த்து' என்று வரிசைப்படுத்திப் பாருங்கள்.

கே: 'ஹார்ன்பி, பாக்மன், லிமா, டாபோல், மெயின்லைன் ரயிலுக்கு ஏற்றது' என்ற தலைப்பில் ஒரு பிளாஸ்டிக் மரம்...

ப: மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. எதைத் தேடினாலும் இந்த மரம் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக. மரம் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

கே: ஹார்ன்பி டப்லோ இன்ஜின் ஒன்று ஏலத்தில் எடுத்தேன். என் தண்டவாளத்தில் வைத்ததும் கன்ட்ரோலர் அணைந்துவிட்டது. பழுதான பொருளைத் தந்துவிட்டார்களா?

ப: பழுது இல்லை, வம்சம் வேறு. டப்லோ 1959 வரை மூன்று தண்டவாள முறையில்தான் இருந்தது. நடுவில் ஒரு மூன்றாவது கம்பி ஓடும், அதிலிருந்து மின்சாரம் எடுக்கும். இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றோடொன்று மின்தொடர்பு உள்ளவை. உங்கள் இரண்டு தண்டவாளத்தில் வைத்ததும் இரண்டையும் இணைத்துவிட்டது, ஷார்ட் சர்க்யூட். கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொண்டது. இன்ஜினைத் திருப்பிப் பாருங்கள், வயிற்றின் நடுவே ஒரு தகடு தொங்கும். அதுதான் அடையாளம். மூன்று தண்டவாளம் பழையது மலிவாகவே கிடைக்கிறது. ஒரு வட்டம் வாங்கிப் போட்டு ஓட்டுங்கள், அருமையான இன்ஜின் அது. 'மூன்று தண்டவாளம்' என்று விற்பவர் எழுதாமல் விட்டது தவறு.

கே: 'டபுள்-ஓ / எச்-ஓ' என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

ப: தண்டவாள அகலம் ஒன்று, 16.5 மில்லிமீட்டர். அளவு வேறு. பிரிட்டனின் டபுள்-ஓ 1:76, ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடும் எச்-ஓ 1:87. ஒரே தடத்தில் இரண்டும் ஓடும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி உயர வித்தியாசம் தெரியும். மெர்க்லின் எச்-ஓ வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை: அதன் மின்சார முறையே தனி, உங்கள் தண்டவாளத்தில் ஓடாது.

கே: ஏலம் 15 பவுண்டிலிருந்து என்னைத் துரத்தித் துரத்தி 90க்கு ஏற்றிவிட்டது. எதிர்த்துக் கேட்டவர் விற்பவரின் ஆளாக இருப்பாரோ?

ப: இருக்கலாம். தன் பொருளுக்குத் தானே மறைந்திருந்து ஏலம் கேட்பது பிரிட்டனில் குற்றம். 2010இல் பிராட்ஃபோர்டில் இதற்காகவே ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. ஏல வரலாற்றைத் திறந்தால் எதிராளி கேட்டதில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரிடம் என்று காட்டும். அது நூறாக இருந்தால் ஈபேயிடம் சொல்லுங்கள். உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதி, ஏலம் முடியும் கடைசி நொடிகளில் ஒரே ஒருமுறை அதைப் போடுங்கள். அதற்குள் கிடைத்தால் கிடைக்கட்டும். துரத்துகிறவருக்கு ஓடுகிறவர் வேண்டும்.

கே: போருக்கு முந்திய இன்ஜின், படத்தில் புத்தம் புதிதாக இருக்கிறது. தைரியமாக வாங்கலாமா?

ப: அடிப்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இன்ஜின்களை வார்க்கிற துத்தநாகக் கலவைக்கு மசாக் என்று பெயர். துத்தநாகத்தோடு அலுமினியமும் மக்னீசியமும் செம்பும் சேர்ந்தது. சுத்தமாக இருந்தால் தலைமுறைகளுக்கு நிற்கும். ஈயம் துளியளவு கலந்துவிட்டால் போதும், வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு வீக்கம். அடிச்சட்டம் வாழைப்பழம் போல வளையும், கடைசியில் விரலால் அழுத்தினால் பிஸ்கெட் போல உதிரும். மருந்து கிடையாது. ஒட்டவும் முடியாது, மேலே பூசவும் முடியாது. ஈரம் அதை இன்னும் விரைவுபடுத்தும்.

போருக்கு முந்திய பல இன்ஜின்களுக்கு இந்த வியாதி உண்டு. அவை மட்டுமல்ல, 2000க்குப் பிறகு சீனாவில் வார்த்த சில மாடல்களும், அட்டையை விட்டு வெளியே எடுக்காதவைகூட, இப்படி உடைந்திருக்கின்றன. 'திறக்கவே இல்லை' என்பது இங்கே உத்தரவாதம் ஆகாது. அடிச்சட்டத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் அனுப்புவார்.

கே: உடைந்த இன்ஜினை எல்லாம் யார் வாங்குவார்கள்?

ப: 1995இல் ஈபே தொடங்கியபோது முதலில் விற்றதே உடைந்த லேசர் சுட்டி ஒன்றுதான், 14.83 டாலருக்கு. உடைந்த இன்ஜினில் நல்ல சக்கரம் இருக்கும், காந்தம் இருக்கும், உடையாத ஒரு படிக்கட்டு இருக்கும். இரண்டு செத்த இன்ஜினிலிருந்து ஒரு உயிருள்ள இன்ஜின் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். 'உதிரிக்கு மட்டும்' என்று எழுதி ஐந்து பவுண்டுக்கு விற்பவர் இந்தப் பொழுதுபோக்குக்கு உபகாரம் செய்கிறார்.

கே: பொம்மை ரயில் விலைக்கு ஏன் சார் உங்களுக்கு இவ்வளவு கோபம்? பணமுள்ளவன் வாங்கிக்கொள்கிறான்.

ப: பணமுள்ளவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. புதிய பெரிய நீராவி இன்ஜின் மாடல் ஒன்று இன்று 200 பவுண்டைத் தாண்டிவிட்டது. பத்து வயதுப் பிள்ளை கைச்செலவுக் காசைச் சேர்த்து இந்த உலகத்துக்குள் நுழைவதற்கு ஒரே வாசல் பழைய இன்ஜின்தான். இருபது பவுண்டுக்கு வாங்கி, கழற்றி, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டி, ஓடவைத்து, மோட்டார் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அந்த வாசலில் 'அரிது' என்று பலகை மாட்டி 150 பவுண்டு சுங்கம் வசூலிக்கிறவர்கள் மேல் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

கே: நாங்கள் லீட்ஸில் இருக்கிறோம். என் கணவர் முப்பது வருடம் சேர்த்த மாடல் ரயில்கள் மாடியில் இருக்கின்றன. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. ஒரு இன்ஜினுக்கு ஈபேயில் 300 பவுண்டு என்று இருக்கிறது. வந்து பார்த்த ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து 400 தருகிறேன் என்கிறார். என்ன செய்ய?

ப: அம்மா, இரண்டு எண்ணையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முந்நூறு யாரோ கேட்கிற விலை, கிடைத்த விலை அல்ல. மொத்தத்துக்கு நானூறு என்பது நீங்கள் களைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்து சொன்ன விலை. அவசரம் ஒன்றும் இல்லை. ரயில் உடனே கெட்டுப்போகிற பொருள் அல்ல. காய்ந்த இடத்தில் இருந்தால் போதும்.

முதலில் ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். அட்டையின் ஓரத்தில் இருக்கும் எண், இன்ஜின் மேல் இருக்கும் பெயர், அடியில் இருக்கும் தயாரிப்பாளர் பெயர், இவ்வளவு போதும். எதையும் துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம். எழுத்தும் பெயின்ட்டும் போய்விடும். பிறகு அந்த எண்களை 'விற்றவை' பட்டியலில் தேடச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தேறுகிறவை நிறைய இருந்தால், பொம்மைகளுக்கென்றே ஏலம் நடத்துகிற வெக்டிஸ் போன்ற நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து வடக்கே ஸ்டாக்டன் பக்கத்தில் இருக்கிறது. பட்டியலை அனுப்பி மதிப்பீடு கேளுங்கள், அவர்கள் எடுக்கும் கமிஷன் எவ்வளவு என்பதையும் முன்னாலேயே கேளுங்கள். பழைய ஹார்ன்பி என்றால் 1969 முதல் நடக்கிற ஹார்ன்பி ரயில்வே சேகரிப்பாளர் சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். உங்கள் கணவருக்கு ரயில் நண்பர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

காலி அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். எந்த அட்டையிலாவது அவர் கையெழுத்தில் வாங்கிய தேதியோ, எண்ணெய் போட்ட குறிப்போ இருந்தால் அதை அந்த இன்ஜினோடேயே வையுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒன்றை விற்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.